உள்வட்டம் சிறியது என்று யார் சொன்னது?

காரைக்குடியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் 'சர்வதேச' என்ற அடைமொழியோடு ஒரு பள்ளிப் பலகையாவது கண்ணில் படுகிறது. பிள்ளையை உலகக் குடிமகனாக்கித் தருகிறோம் என்பது அந்தப் பலகைகளின் பொது வாக்குறுதி. இதை விளம்பரக்காரர்களின் மிகை என்று ஒதுக்கிவிட முடியாது. படித்த பெற்றோர், கல்வி அதிகாரிகள், பேராசிரியர்கள் என்று பலரும் ஒத்துக்கொண்ட ஒரு கருத்து அதற்குப் பின்னால் இருக்கிறது. ஊர், தாய்மொழி, மரபு எல்லாம் பிறப்பு போட்டுவைத்த சிறு எல்லைகள். பிள்ளையை அவற்றிலிருந்து மெல்லத் தூக்கிவிடுவதே கல்வியின் வேலை. மேலே ஏறினால்தான் உலகம் தெரியும். இந்தக் கருத்தில் மரபுக்கு இடமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டு விழாவில் கோலாட்டம் உண்டு, பாரம்பரிய உடை நாள் உண்டு, பணியாரச் சட்டியோடு உணவுத் திருவிழாவும் உண்டு. கணிதம், வணிகம், அறவியல் என்று பாடவேளை தொடங்கிவிட்டால் மட்டும் மரபு வகுப்பறைக்கு வெளியே நிற்க வேண்டும்.

இந்தக் கருத்து தவறு. அதைக் காட்டக் காரைக்குடிக்குப் பக்கத்து அரியக்குடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் விட்டு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

எதிர்க்கருத்தை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொள்வதே நியாயம். 1994இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம், நாட்டுப்பற்றையும் உலகக் குடிமையையும் பற்றி 'பாஸ்டன் ரிவியூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாகூரின் 'வீடும் உலகும்' நாவலிலிருந்து தொடங்கும் அந்தக் கட்டுரை, பழைய ஸ்டோயிக் சிந்தனையாளர்களின் ஒரு படத்தை முன்வைக்கிறது. நடுவில் நான். என்னைச் சுற்றிக் குடும்பம், பிறகு அண்டை அயல், ஊர், நாடு, கடைசி வட்டமாக மனிதகுலம். உள்வட்டங்களைத் துறந்துவிடு என்று நுஸ்பாம் சொல்லவில்லை. வெளிவட்டத்து மனிதர்களையும் உள்ளே இழுத்து நெருக்கமாக்கிக்கொள், பள்ளிக்கூடம் அதைக் கற்பிக்கட்டும் என்கிறார். கண்ணியமான வாதம்தான். ஆனால் உள்ளே போகப் போக உலகம் குறுகும் என்பதை அந்தப் படம் நிரூபிக்காமலே எடுத்துக்கொள்கிறது.

செட்டிநாட்டில் இந்த அளவுகோல் செல்லாது. அரியக்குடி, நகரத்தார் என்னும் செட்டியார் வணிகர்களின் ஊர்களில் ஒன்று. இந்த ஊர்களில் பத்துப் பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பிய பையன் ஊர், நாடு, உலகம் என்று படியேறிப் போகவில்லை. குடும்பம் என்ற மிக உள்ளேயிருக்கும் வட்டமே அவனை நேராக ரங்கூனுக்கோ பினாங்குக்கோ கொழும்புக்கோ சைகோனுக்கோ கொண்டுபோய் இறக்கியது. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தும் மேலாள் ஆவது அவன் படித்த படிப்பு. புறப்படுமுன் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்திருப்பான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, அரைக்காணி 160இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. இந்தப் பின்னங்களை வாய்பாடாக ஏற்றிக்கொண்டவன் வட்டியை எழுதாமலே சொல்வான். பேரேடும் ஐந்தொகையும் கடையிலேயே கைவந்துவிடும்.

1930 அளவில் பர்மாவில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்பது அக்கால மதிப்பீடு. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி மாதந்தோறும் 'நடப்பு' வட்டியை நிர்ணயித்தார்கள். பிரிட்டிஷ் வங்கிகள் இந்த ஏடுகளை நம்பிக் கடன் கொடுத்தன. தமிழ் எண்ணில் கணக்கு எழுதிய ஒரு கல்வி, வங்காள விரிகுடாவின் இரு கரைகளிலும் செல்லுபடியானது. அதை உள்ளூர்க் கல்வி என்று எந்தக் கணக்கில் சொல்வது?

உடனே ஒரு மறுப்பு வரும், வரத்தான் வேண்டும். கடல் தாண்டியவனெல்லாம் பரந்த மனத்தவன் ஆகிவிடுவானா? ஆக மாட்டான். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு; 1938இல் அது 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, அடைக்க முடியாத கடனுக்கு ஈடாக நிலம் கைமாறியது. நிலமிழந்த பர்மிய விவசாயிக்கு அந்த ஏட்டின் நேர்த்தியால் என்ன பயன்? ஆகவே, வீட்டு முகப்பின் பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் காட்டி 'நாங்கள் அன்றைக்கே உலகக் குடிமக்கள்' என்று மார்தட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திறம் வேறு, அறம் வேறு.

ஆனால் இந்த உண்மை யாரைக் குத்துகிறது என்று பாருங்கள். தூரம் போவதையே பெருந்தன்மை என்று எண்ணுவது இன்றைய சர்வதேசக் கல்விதான். எத்தனை மாணவர்களுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்பதுதான் அதன் வெற்றிக் கணக்கு. ஆளைத் தொலைவுக்கு அனுப்புவது அறத்தைக் கற்பித்ததாக ஆகாது என்பதை ரங்கூனில் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்ட வட்டாரம் இது.

அந்த அறத்தை வெளியிலிருந்துதான் தருவிக்க வேண்டும் என்பதும் சரியல்ல. சிவகங்கை மாவட்டத்தின் மகிபாலன்பட்டியைத்தான் கணியன் பூங்குன்றனாரின் பூங்குன்றம் என்று கொள்கிறார்கள். புறநானூற்றில் 192ஆவதாக உள்ள அவர் பாட்டின் முதல் அடியான 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' இன்று உலகக் குடிமைக்குத் தமிழ் முத்திரையாகிவிட்டது. 2019இல் இந்தியப் பிரதமர் ஐ.நா. பொதுச்சபையில் அதை எடுத்தாண்டார். பள்ளிச் சுவர்களிலும் அதையே எழுதுகிறார்கள். பாட்டு அந்த அடியோடு முடிந்துவிட்டதாக எல்லோரும் நடந்துகொள்கிறார்கள். நன்மையும் தீமையும் பிறர் கொடுத்து வருவதில்லை, வெள்ளத்தின் போக்கில் போகும் மிதவையைப் போன்றது உயிர் என்று நிதானமாக நடக்கும் அந்தப் பாட்டு, உயர்ந்தவர் என்று யாரைக் கண்டும் மலைக்க மாட்டோம், எளியவர் என்று யாரையும் தாழ்த்துவது அதைவிடவும் எங்களிடம் இல்லை என்ற நிலையில் வந்து நிற்கிறது. முதல் அடியைச் சுவரில் எழுதும் பள்ளி, முடிவை அன்றாடம் மீறுகிறது. கேம்பிரிட்ஜைக் கண்டு மலைக்கிறது, திண்ணையை இகழ்கிறது. உலகம் முழுவதும் உறவு என்று சொல்லிக்கொண்டே மரியாதையை ஒரு திசைக்கு மட்டும் அனுப்புவது உலகக் குடிமை ஆகாது.

அதே மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்தவர் பண்டிதமணி மு. கதிரேசன் செட்டியார். திண்ணைப் பள்ளியில் அவர் படித்தது சில மாதங்களே. சிறு வயதில் வணிகம் பழக இலங்கைக்குப் போனார். நோய் காலின் வலுவைப் பறித்த பிறகும் தமிழையும் வடமொழியையும் ஆழக் கற்றார். சூத்திரகரின் வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழாக்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தன் மொழியில் வேரூன்றிய ஒருவர் இன்னொரு மொழியின் நாடகத்தைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்ததற்கு எந்த உலகக் குடிமைப் பாடத்திட்டமும் தேவைப்படவில்லை.

பன்மைப் பண்பாடு பற்றிய பாடநூல் அதிகாரங்களில் இன்னொரு பிழையும் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. உலகில் பல பண்பாடுகள், ஒவ்வொன்றும் உள்ளுக்குள் ஒரே குரல் என்று அவை வரைகின்றன. கேள்வி கேட்பது மேற்கின் இயல்பாம். கேட்டு நடப்பது மற்றவர்களின் இயல்பாம். அரியக்குடிக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த இசையே இதற்குப் பதில்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும், நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும், பிறகு ராமநாதபுரம் பூச்சி சீனிவாச ஐயங்காரிடமும் கற்றவர். தமிழ்க் கிராமத்துப் பிள்ளை பாடம் செய்த சாகித்யத்தில் பெரும்பகுதி தெலுங்கும் சம்ஸ்கிருதமும். அதுவரை சில ராகங்களையே மணிக்கணக்காக விரிப்பது கச்சேரி வழக்கம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கிருதிகளைக் கடந்து, விரிவான ராகத்துக்கும் பல்லவிக்கும் போய், துக்கடாக்களில் முடியும் இன்றைய கச்சேரிப் பத்ததியை நிலைநிறுத்தியவர் அவரே. சபாவும் டிக்கெட்டும் வந்து, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து உள்ளே வரலாம் என்று ஆன காலம் அது. ராகம் தெரிந்தவரைக் கண்டு அஞ்சாமலும் தெரியாதவரை விரட்டாமலும் இருவரையும் மூன்று மணி நேரம் ஒன்றாக உட்காரவைக்கும் வடிவம் வேண்டியிருந்தது. குருகுலத்தில் வளர்ந்தவரால்தான் அதைச் செய்ய முடிந்தது. எதைச் சுருக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். திருப்பாவைக்கும் அருணாசலக் கவிராயரின் இராம நாடகப் பாடல்களுக்கும் மெட்டமைத்துப் பரப்பியவரும் அவரே.

அவர் பாடிய சம்பிரதாயத்தின் மேல் கடுமையான வழக்கு எழுந்ததும் இதே வட்டாரத்தவர் ஒருவரால்தான். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில், அவர் 1929இல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு ஏன் கடைசி இடம் என்று கேட்டது. மியூசிக் அகாடமி எதிர்த்தது. கல்கியும் ராஜாஜியும் டி.கே.சி.யும் ஆதரித்தார்கள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. கலை மொழியைக் கடந்ததா, அல்லது கேட்கிறவனின் மொழிக்குக் கடன்பட்டதா? உலகக் குடிமை பற்றிய எந்தக் கருத்தரங்கிலும் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. இரு தரப்பும் வாதாடியது மரபின் உள்ளே நின்றுதான்.

மரபை ரசிக்கக் கற்பிக்கிறோமே, போதாதா என்று பள்ளிகள் கேட்கலாம். போதாது. ராமானுஜ ஐயங்காரின் சீடர் பாலக்காடு கே.வி. நாராயணசாமி 1960களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனும் அங்கே ஆசிரியர். அந்த மாணவர்கள் கர்நாடக சங்கீதத்தை ரசிப்பதோடு நிற்கவில்லை. சரளி வரிசையில் தொடங்கினார்கள், தொடையில் தாளம் போட்டார்கள், தப்பினால் மறுபடி பாடினார்கள். அங்கே பயின்ற ஜான் ஹிக்கின்ஸைச் சென்னை ரசிகர்கள் 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே அழைத்தார்கள். ஓர் அயல் மரபின் பயிற்சிக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததால் கிடைத்த பட்டம் அது. நம் சர்வதேசப் பள்ளியிலோ சொந்த மரபே பதினைந்து நிமிட மேடை நிகழ்ச்சி. பன்னிரண்டு பண்பாடுகளைத் தொட்டுவிட்டு வருவது சுற்றுலா. ஒன்றிலாவது முறையாகப் பழகித் தோற்றுத் தேறியவனுக்குத்தான் இன்னொன்றின் அருமை புரியும்.

கல்வியில் மேற்கு கொடுக்கிறது, நாம் வாங்குகிறோம் என்ற நினைப்புக்கும் வரலாறு துணை நிற்கவில்லை. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அதோடு சேர்த்தார். திண்ணைப் பள்ளிகளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை புதியவர் இல்லை; பெல்லோ அதைத் தன் கண்டுபிடிப்பாகவே 1797இல் லண்டனில் அச்சிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பல அந்த 'மெட்ராஸ் முறை'யில் நடந்தன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பெல்லின் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். 1939இல் அடையாறுக்கு வந்து போரால் இங்கேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி, பிள்ளைக்கு முழுப் பிரபஞ்சத்தையும் அறிமுகப்படுத்தும் தம் கல்வித் திட்டத்தைக் கொடைக்கானலில்தான் வளர்த்தெடுத்தார். உலகக் கல்விக்கு ஒரே ஒரு பிறந்த வீடு இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தப் பயணங்களை என்ன செய்வார்கள்?

இனி, எனக்கு எதிரான மிகக் கனமான வாதம். நீ புகழும் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? ஆளுநர் மன்றோ 1822இல் ஆணையிட்ட கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்துப் பள்ளிப் பிள்ளைகள் 1,88,650 பேர். அவர்களில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் திண்ணை பெரும்பாலும் மூடியே கிடந்தது. கச்சேரி மேடையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. மரபிலிருந்து வெளியேறுவதே விடுதலை என்று நினைத்தவர்களுக்கு வலுவான காரணம் இருந்தது. இதை மழுப்பிக்கொண்டு மரபைப் பேசுகிறவரோடு விவாதம் வீண்.

ஆனால் அந்தக் கதவை உடைத்தவர்கள் எந்த வழியில் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் தமிழ் இலக்கியத்தையும் ஏட்டையும் எடுத்து, தம் மக்களின் பழைய சமயம் பௌத்தம் என்று வாதிட்டார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கிய அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டோடு 1898இல் கொழும்புக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். தமிழ் ஏடு, அமெரிக்க நண்பர், சிங்களத் துறவி, பாலி மொழிச் சமயம். உலகக் குடிமை என்ற பெயருக்கு இதைவிடத் தகுந்த வாழ்க்கை எது? சாதியை எதிர்க்க அவர் தமிழைக் கைவிடவில்லை. தமிழை எதிரியின் கையிலிருந்து பிடுங்கினார். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிராவயலில், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா ஆசிரமம் நடத்தி, சேரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் இந்த வகையே. 1927இல் காந்தி அவரைத் தேடிவந்து பார்த்த இடம் அது. மரபுக்குள் அநீதி இருந்தது என்பது மரபைப் பாடத்திலிருந்து விலக்கக் காரணம் ஆகாது. அந்த அநீதியோடு மல்லுக்கட்டியவர்களையும் சேர்த்துப் பாடமாக்கவே அது காரணம்.

இதுவரை தலையாட்டிய சிலர் இங்கே விலக வேண்டியிருக்கும். எல்லாம் நம்மிடமே இருந்தது, வெளியிலிருந்து ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் கூட்டம் இப்போது பெருத்துவருகிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை இந்தியப் பெருமிதத்தையும் உலகக் குடிமையையும் ஒரே பத்தியில் கோத்துவிட்டது. பலர் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். அவர்களும் எதிர்த்தரப்பின் தவறையே செய்கிறார்கள். மரபு ஒரு காட்சிப் பொருள் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. ஒருவர் அதை அருங்காட்சியகத்தில் வைக்கிறார், மற்றவர் பூஜை அறையில் வைக்கிறார். யாரும் அதைக் கையில் எடுத்துப் பழகுவதில்லை. அதனோடு சண்டை போடுவதும் இல்லை.

அப்படியானால் பள்ளி என்ன செய்ய வேண்டும்? எண்சுவடியைக் கணித வகுப்புக்குக் கொண்டுவரலாம். பின்னங்களுக்கு 320ஐ ஏன் அடியாக வைத்தார்கள், பதின்ம முறை எதில் அதைவிட எளிது, எதில் இல்லை என்று பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வணிகவியல் மாணவன் பழைய ஐந்தொகை ஒன்றையாவது வாசித்துப் பழகட்டும். ஆய்வு செய்யும் வயதில், கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்களிடம் அவனை அனுப்பலாம். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே வைத்திருக்கும் சேகரிப்பு அது. உலகின் பல மூலைகளிலிருந்து தமிழை ஆராய வருகிறவர்கள் ஒரு கிராமத்துக்காரரின் பித்துக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த அயல்மொழி என்ற கேள்வி இருக்கிறது. சர்வதேசப் பள்ளி கற்பிப்பது பிரெஞ்சு, ஜெர்மன். இந்த ஊர்கள் நூறாண்டுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தது பர்மியரோடும் மலாய்க்காரரோடும் சிங்களவரோடும், பாடியது தெலுங்கில். இந்த மொழிகளில் ஒன்றுகூட 'உலகம்' என்ற பட்டியலில் இல்லை. தாகூர் 1921இல் விசுவபாரதியைத் தொடங்கி, 1937இல் சீன பவனத்தைத் திறந்தபோது அவருக்கு உலகம் என்றால் ஐரோப்பா மட்டும் என்ற மயக்கம் இருக்கவில்லை. நமக்கு ஏன் இருக்க வேண்டும்?

காரைக்குடிப் பிள்ளை ஒன்று பர்மிய மொழி படிக்கட்டும். பெரிய எழுத்தாளரையோ புத்தரையோ பற்றிப் படிக்குமுன், 1930களில் நிலத்தை இழந்த விவசாயிகளைப் பற்றி அந்த நாட்டவர் எழுதியதைப் படிக்கட்டும். தன் பாட்டனார் வரவு என்று எழுதியது அங்கே யாருடைய ஏட்டில் பற்றாக விழுந்தது என்று தெரிந்துகொள்ளட்டும். ஐந்தொகை பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு, இரண்டு பக்கமும் ஒத்துவராத கணக்கை முடித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது என்று தெரியும். உலகக் குடிமைக்கு அதைவிட நல்ல அரிச்சுவடி இந்த மண்ணில் கிடையாது.